பின்பெஞ்சு மாக்குவுக்கு வந்த அழைப்பு

கைப்பேசி சிணுங்கியபோது மாக்கு சக்கிட்டே இரண்டு கையும் மாவாக உட்கார்ந்திருந்தாள். புளித்த சோளமாவை உருட்டி, சோளமட்டையில் பொதிந்து, அண்டாவில் அடுக்கிக்கொண்டிருந்த நேரம். கென்கே அவித்து விற்கிறவளுக்குக் காலையில் போன் எடுக்கக் கை ஏது? பக்கத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்த டேடேதான் எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, மெசேஜ் வந்திருக்கு. சர்ச்சுலேர்ந்து."

"எனக்கா? கூரை மாத்தணும், காசு குடுன்னு கேட்டிருப்பாங்க. வேற எதுக்கு அவங்களுக்கு என் ஞாபகம் வருது?"

"கூரையும் இல்ல, சுவரும் இல்ல. இரு, படிக்கிறேன்." டேடே எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனைத் தூரத்தில் பிடித்தாள். "'அன்புச் சகோதரி மாக்கு சக்கிட்டே. வரும் ஞாயிறு கர்த்தருடைய பந்தியில் உங்கள் இடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. தவறாமல் வாருங்கள்.' அவ்வளவுதான்."

மாக்கு கையிலிருந்த மாவுருண்டையை மட்டையில் வைக்காமல் அப்படியே பிடித்திருந்தாள்.

"இன்னொரு தடவை படி."

படித்தாள். மாக்கு மறுபடியும் படிக்கச் சொன்னாள்.

"ஏன்க்கா உயிரை வாங்குற? அதேதான் எழுதியிருக்கு. மீன் கருகுது."

"பேரைச் சரியாப் பாத்தியாடி?"

"உன் பேருதான். ஓர் எழுத்து பிசகல. நான் என்ன பள்ளிக்கூடத்துக்கு மழைக்கு ஒதுங்கப் போனவளா?"

மாக்கு மாவுக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டாள். டேடே பதறிப்போய் மீனை மறந்தாள். அன்று அந்தச் சட்டி மீன் கருகித்தான் போனது.

ஒரு மெசேஜுக்கு இவ்வளவா என்று கேட்கிறவர்கள் எங்கள் ஆலயத்தில் ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். வாசலை ஒட்டின கடைசிப் பெஞ்சு, சுவரோர இடம். பதினாலு வயதிலிருந்து மாக்குவுக்கு அதுதான் இடம். திருவிருந்து ஞாயிறுகளில் மற்றவர்கள் வெள்ளைத் துணி உடுத்தி ரொட்டி வாங்க வரிசை வரிசையாக முன்னே போவார்கள். அவள் முழங்காலை ஒதுக்கி வழி விடுவாள். அவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வரும்போது மறுபடி ஒதுக்குவாள். இப்படியே கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, புருஷனைப் பறிகொடுத்து, தலையும் நரைத்துவிட்டது. ஊரில் மாக்கு என்று பலர் இருக்கிறார்கள். எங்கள் குரோபோ இனத்து வீடுகளில் மூன்றாவது பெண் பிறந்தால் அவள் மாக்குதான். ஆனால் பின்பெஞ்சு மாக்கு என்றால் இவள் ஒருத்திதான்.

அப்படி என்ன செய்துவிட்டாள்? திருடினாளா, அடுத்தவள் புருஷனை இழுத்துக்கொண்டு ஓடினாளா? ஒன்றும் இல்லை. அவளுக்குச் சடங்கு செய்தார்கள். திப்போ. தலையை மழித்து, இடுப்பில் பாசிமணி கட்டி, புறங்கையில் மெல்லிய கீறல் போட்டு, பழைய சாமிக் கல்லின்மேல் உட்காரவைத்து எழுப்பினார்கள். அது ஆகாத பெண்ணை எங்கள் ஊர் பெண் என்றே சேர்த்துக்கொள்ளாது. அது ஆன பெண்ணை எங்கள் சபை பந்தியில் சேர்த்துக்கொள்ளாது. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்த தாய்மார்கள் எத்தனையோ பேர்.

மாக்குவின் அப்பா சக்கிட்டே சபை மூப்பர். வீட்டில் திப்போ என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. அவர் சபைக் கூட்டத்துக்கு அக்ரா போயிருந்த வாரத்தில், அம்மா கொர்லே மகளைத் தன் அக்காள் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காரியத்தை முடித்துவிட்டாள். மனுஷன் திரும்பி வந்து மொட்டைத் தலையைப் பார்த்தார். சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய் மூப்பர்கள் கூட்டத்தில் பிராது கொடுத்தார். அடுத்த ஞாயிறு, பெண்டாட்டி பேரையும் மகள் பேரையும் பந்தியிலிருந்து விலக்கப்பட்டவர்கள் என்று தன் வாயாலேயே வாசித்தார். அந்த மனுஷனுக்கு நெஞ்சு என்ன கல்லா என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

திரும்பிச் சேர வழி இல்லாமல் இல்லை. முன்னால் வந்து நின்று, 'எனக்குச் செய்யப்பட்டது அசுத்தம், அதை அருவருத்து விட்டுவிட்டேன்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கொர்லே சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச நல்லதை என் பிள்ளைக்குச் செஞ்சேன். நான் அவ தலையத் தொட்டது அசுத்தமா? அப்ப பெத்ததும் அசுத்தம்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

சொல்லிவிட்டு மகள் கையைப் பிடித்துப் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தவள்தான். வேறு சபைக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். 'நான் ஞானஸ்நானம் வாங்கின இடம் இது, நான் எதுக்குப் போகணும்' என்று துரத்திவிட்டாள். வாரம் தவறாமல் வந்தாள், வாய்விட்டுப் பாடினாள், ரொட்டிக்கு மட்டும் எழுந்திருக்கவில்லை. புருஷனோடு ஒரே வீட்டில் இருந்து, அவருக்குச் சோறும் போட்டாள்.

அவள் செத்தபோது ஆலய மணி அடிக்கவில்லை. விலக்கப்பட்டவளின் உடலை உள்ளே எடுத்துவரக் கூடாது என்பதால் வாசலோடு தூக்கிப்போனார்கள். சபைக் கல்லறைத் தோட்டத்திலும் இடம் இல்லை. சோமான்யா சாலையோரத்தில், லாரிப் புழுதி விழுகிற மாந்தோப்பில் புதைத்தார்கள். சக்கிட்டே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். பின்னால் அவர் செத்தபோது மணி அடித்தது, உள்ளே எடுத்துப்போய் வைத்துப் பாடினார்கள், கல்லறைத் தோட்டத்தில் சிமெண்டு பூசினார்கள்.

அதற்குப்பின் வந்த போதகர்கள் எல்லாரும் மாக்குவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் என்ன, வாய் வலிக்குமா? 'பாக்கலாம் ஐயா' என்று எழுந்து வந்துவிடுவாள். வாய் வலிக்காது. ஆனால் இவள் முன்னால் போய்விட்டால் அம்மா சாலையோரத்தில் தனியாகக் கிடப்பாள். அம்மா செய்தது அழுக்கு என்று மகளே சொன்னதாகவும் ஆகிவிடும். அந்த ஒன்றுதான் அவளைப் பெஞ்சோடு கட்டிப்போட்டிருந்தது.

இதில் என் வயிறு எரிகிற இடம் இன்னொன்று உண்டு. இப்போதெல்லாம் திப்போவை வீடியோக்காரன் வைத்து நடத்துகிறார்கள். தலைமை மூப்பர் நார்ட்டேயின் பேத்திகள் இரண்டு பேரும் பாசிமணியோடு நிற்கிற படம் ஊரில் எல்லார் போனிலும் இருக்கிறது. சபை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலம் மாறிப்போச்சாம். விலக்கின அந்தப் பழைய பேர்களை மட்டும் திரும்பச் சேர்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஆகையால் அந்த மெசேஜில் மாக்கு என்ன படித்தாள் தெரியுமா? ஒரு கேள்வியும் இல்லாமல், ஒரு வாக்கியமும் கேட்காமல் வா என்கிறார்கள். அப்படியானால் அந்த விலக்கத்தையே விட்டுவிட்டார்கள். தன் விலக்கம் போனது என்றால் அம்மாவுடையதும்தான்.

நடந்தது வேறு.

சபை அலுவலகத்தில் லாவெர் என்று ஒருவர் குமாஸ்தா வேலை பார்த்தார். தபால் ஆபீஸில் ஓய்வு பெற்றவர், ஒரு எறும்புக்கும் தீங்கு நினைக்காத ஆள். பல வருஷத்துக்கு முன்னால் அக்ராவிலிருந்து யாரோ வந்து போட்டுக் கொடுத்த சபைப் பதிவு சாப்ட்வேர் ஒன்று அவரிடம் இருந்தது. அது ஓடின கம்ப்யூட்டர் பஸ் மாதிரி இரைந்து, சூடாகி, ஒருநாள் பாதியில் நின்றது. இதற்குமேல் தாங்காது, புதுசுக்கு மாறுங்கள் என்று போதகர் அசியாமா சொன்னார். பழைய பதிவு ஒன்றுகூடப் போகக் கூடாது என்பது மூப்பர்கள் போட்ட கட்டளை. ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், சாவு, விலக்கம் எல்லாமே வர வேண்டும். லாவெர் மாசக்கணக்கில் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தார்.

புது சாப்ட்வேருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரே ஆளை இரண்டு தடவை எழுதியிருந்தால் கண்டுபிடித்து, 'இவர்கள் இருவரும் ஒருவரா?' என்று கேட்கும். ஆம் என்று தட்டினால் இரண்டு பதிவையும் சேர்த்து ஒன்றாக்கிவிடும். இருவரில் யாரிடம் எது நிறைவாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். அதனால் லாவெருக்குப் பெரிய உபகாரம். பாடகர் குழுவில் ஒருதரம், மாதர் சங்கத்தில் ஒருதரம் என்று பாதிச் சபை இரட்டை இரட்டையாகத்தான் இருந்தது. ஆம், ஆம் என்று தட்டிக்கொண்டே போனார்.

எங்கள் சபையில் இன்னொரு மாக்கு சக்கிட்டே இருந்தாள். சக்கிட்டேயின் தம்பி மகள். தம்பியும் சக்கிட்டே என்ற குடும்பப் பேரையே வைத்துக்கொண்டவர், அவருக்கும் மூன்றாவது பெண் மாக்கு. சடங்கு செய்யாமல் குமாசியில் படிக்கப் போய், அங்கேயே ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு, அங்கேயே செத்தும்போனாள். செத்த கடுதாசி இங்கே யாரும் கொடுக்கவில்லை. ஆகவே பதிவில் அவள் இன்னும் பந்திக்குரிய நல்ல உறுப்பினர். இரண்டு பேருக்கும் பிறந்த தேதி தெரியாது. தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் அறுப்பின் பண்டிகை நாளைப் பிறந்தநாளாகப் போடுவது அந்தக் காலத்து வழக்கம். ஒரே பேர், ஒரே பிறந்தநாள், ஒரே குடும்பம். மின்சாரம் போகப்போகிற நேரம், லாவெருக்குப் பசி. இவர்கள் இருவரும் ஒருவரா? ஆம்.

சாப்ட்வேர் செத்தவளிடமிருந்து நல்ல பேரை எடுத்துக்கொண்டது, உயிரோடிருப்பவளிடமிருந்து போன் நம்பரை எடுத்துக்கொண்டது. திருவிருந்து வாரம் வந்ததும் தானாகவே எல்லாருக்கும் அழைப்பு அனுப்பியது. அன்றைக்கு லாவெர் நிம்மதியாகத் தூங்கினார், பாவம்.

மாக்கு அந்த வாரம் முழுக்கத் தரையில் நடக்கவில்லை. வெள்ளைத் துணி வாங்க அகோமான்யா சந்தைக்கு டேடேயையும் இழுத்துக்கொண்டு போனாள். பூப்போட்ட வெள்ளை, கோடு போட்ட வெள்ளை என்று கடைக்காரி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"கல்யாணப் பொண்ணு கெட்டா போ," என்றாள் டேடே. "யாரு யக்கா மாப்பிள்ளை? எங்கிட்ட மட்டும் சொல்லு."

"வாயைக் கழுவுடி. கர்த்தருடைய பந்திக்குப் போறேன்."

"போ போ. கையில கென்கே வாசனை இல்லாமப் போ. பாஸ்டருக்குப் பசி வந்துறப் போகுது."

மாக்கு சிரித்தாள். அவள் அப்படிப் பல் தெரியச் சிரித்து டேடே பார்த்ததில்லை. துணியோடு திரும்பும்போது மாந்தோப்புப் பக்கம் இறங்கினாள். டேடே சாலையிலேயே நின்றுகொண்டாள். மாக்கு குனிந்து, சருகைத் தள்ளிவிட்டு, மண்ணிடம் பேசுவது அவளுக்குக் கேட்டது.

"அம்மா, கூப்பிட்டுட்டாங்க. ஒண்ணுமே கேக்கலம்மா. சும்மா வான்னு கூப்பிட்டுட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் வழக்கம்போலப் பின்பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். வெள்ளை உடுத்தியிருந்ததால் திரும்பிப் பார்த்தவர்கள் மறுபடியும் திரும்பிப் பார்த்தார்கள். வரிசை எழுந்தபோது அவளும் எழுந்தாள். பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தாள்.

முன்னால் பட்டியலோடு மூப்பர் நார்ட்டே நின்றார். புது சாப்ட்வேரில் அச்சடித்த பட்டியல். அவளைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது. அவளுடைய சின்ன வயதில் பேரை வாசித்து விலக்கிய ஞாயிறு அவரும் அங்கேதான் இருந்தார்; எல்லாம் தெரியும். பட்டியலைப் பார்த்தார். பேர் இருந்தது. அவள் புறங்கைக் கீறல்களைப் பார்த்தார். மறுபடியும் பட்டியலைப் பார்த்துவிட்டு, நகர்ந்து வழி விட்டார். தான் அறிந்ததைவிட அச்சில் வந்தது அவருக்குப் பெரிசாக இருந்தது.

போதகர் அசியாமா வெளியூர்க்காரர், அவருக்குப் பழங்கதை தெரியாது. "இது உனக்காகப் பிட்கப்பட்ட சரீரம்" என்று ரொட்டித் துண்டை அந்தக் கீறல் விழுந்த கையில் வைத்தார். உனக்காக என்று ஒருத்தர் அவளைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாக்கு அதைப் பாதி கடித்தாள். மீதிப் பாதியைத் துணி முடிச்சில் செருகிக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மாந்தோப்புக்குப் போய், அம்மா தலைமாட்டில் கையால் மண்ணைத் தோண்டி, அந்தப் பாதியை வைத்து மூடினாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, ஆராதனையில் பாடின பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடினாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

திங்கள்கிழமை நார்ட்டே அலுவலகத்துக்குப் போய் லாவெரைப் பிடித்தார்.

"அந்தப் பொம்பளை எப்ப மன்னிப்புக் கேட்டா? எனக்குத் தெரியாம எந்தக் கூட்டம் நடந்துச்சு?"

லாவெர் திரையைப் பார்த்தார். பழையதைப் புரட்டினார். தான் தட்டின ஆம் எது என்று கண்டுபிடித்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போதகரும் லாவெரும் மாக்குவின் வீட்டுக்கு வந்தார்கள். அவள் ஆசையாக ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். புதுசாகச் சேர்ந்தவர்களைப் போதகர் வீட்டுக்கு வந்து பார்ப்பது வழக்கம் அல்லவா, அப்படி நினைத்துவிட்டாள். லாவெர் தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். குமாசி மாக்கு, பிறந்தநாள், தட்டின ஆம். ஒன்றையும் மறைக்கவில்லை.

"எம்மேலதான் தப்பு அக்கா. நீங்க என்னைத் திட்டுங்க."

மாக்கு திட்டவில்லை. அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள்.

"அப்ப யாரும் என்னைக் கூப்பிடல."

லாவெர் தண்ணீரைக் கீழே வைத்தார்.

"சாப்பிட்டதைத் திரும்பக் கேக்க வந்திருக்கீங்களா? பாதி எங்கிட்ட இல்ல ஐயா. அம்மாவுக்குக் குடுத்துட்டேன்."

அசியாமா நல்ல மனுஷர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படியெல்லாம் இல்லம்மா. இதைச் சரி பண்றதுக்குத்தான் வந்தோம். ஒரே ஒரு வாக்கியம். மூப்பர்கள் முன்னால சொன்னாப் போதும், சபைக்கு முன்னாலகூட வேணாம். நான் பேசி வச்சிருக்கேன். நடந்த தப்பே சரியாயிடும். பட்டியல்ல உங்க பேரு அப்படியே இருக்கும்."

"எனக்குச் செஞ்சது அசுத்தம்னு சொல்லணும்."

"வார்த்தைதானம்மா."

"சொன்னா அம்மாவுக்கும் ஆகுமா?"

போதகர் லாவெரைப் பார்த்தார். லாவெர்தான் பதில் சொன்னார்.

"இறந்தவங்க பதிவைத் திருத்த முடியாதுக்கா. அது பூட்டியிருக்கும்."

"அம்மா பேரு இருக்கா அதுல?"

"இருக்கு, குறிப்புப் பகுதியில. பழசு ஒண்ணையும் நான் விடல."

"என்னன்னு இருக்கு?"

லாவெர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "கொர்லே சக்கிட்டே. பந்தியிலிருந்து விலக்கப்பட்டவர்."

"பழைய கம்ப்யூட்டர் நின்னுபோச்சுன்னு சொன்னீங்க. அதோட போயிருக்கலாம்ல அது."

லாவெர் தன் வேலையை நினைத்து முதன்முறையாக வெட்கப்பட்டார்.

"மனசுக்குள்ள சொல்லிக்கிட்டாலும் போதும்மா," என்றார் அசியாமா. "நீங்க சொன்னதா நானே எழுதிக்கிறேன்."

"வேணாம் ஐயா. பொய்யை எழுதிவச்சுட்டு வந்து கை நீட்டச் சொல்றீங்களா? எனக்குத் தெரியும், கர்த்தருக்கும் தெரியும்." அவள் குரல் உடைந்தது. "போன வாரம் ஒண்ணுமே கேக்காமக் கூப்பிட்டீங்க. அதுக்காகத்தான் நான் வந்தேன். ரொட்டிக்காகவா வந்தேன்? ரொட்டி என் அண்டாவுலயே இருக்கு."

புறப்படும்போது இருவருக்கும் சுடச்சுடக் கென்கே பொதிந்து கொடுத்தாள். வாங்கிக்கொள்ள அவர்களுக்குக் கை கூசியது. வாங்காமல் போனால் அவள் மனசு இன்னும் நோகுமே என்று வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் லாவெர் இரண்டு மாக்குகளையும் பிரித்தார். குமாசி மாக்கு மறுபடியும் நல்ல உறுப்பினர் ஆனாள், மண்ணுக்குள் இருந்துகொண்டே. பின்பெஞ்சு மாக்குவை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். பழைய சாப்ட்வேரில் விலக்கப்பட்டவர் என்று ஒரு கட்டம் இருந்தது. புதுசைச் செய்தவர்களுக்கு அப்படி ஒரு வகை மனுஷர் உண்டு என்றே தெரியாது. உறுப்பினர், வருகையாளர், இரண்டே கட்டம். அந்தப் பழைய சொல்லை மறுபடியும் அவள் தலையில் ஏற்றாமல் இருப்பதே ஒரு நல்லது என்று லாவெருக்குத் தோன்றியது. வருகையாளர் என்பதில் ஒரு குறையும் இல்லையே என்று அதைத் தட்டினார். பழைய பதிவு போகக் கூடாது என்ற கட்டளைக்காக, விலக்கத்தைக் குறிப்புப் பகுதியில் தனியாக எழுதிவைத்தார்.

சனிக்கிழமை காலை மாக்கு கென்கே பொதிந்துகொண்டிருந்தபோது கைப்பேசி சிணுங்கியது. டேடே எட்டி எடுத்தாள்.

"சர்ச்சுதான்க்கா." அவளுக்கு விஷயம் எல்லாம் தெரியும், அதனால் குரல் எழும்பவில்லை. "மன்னிப்புக் கேட்டிருப்பாங்க. கேக்க வேண்டியதுதான்." படிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"படி."

"ஒண்ணுமில்லக்கா. பொதுவா எல்லாருக்கும் அனுப்புறது."

"டேடே, படி."

"'அன்பு விருந்தினரே. எங்கள் ஆலயத்துக்கு முதன்முறையாக வந்ததற்கு நன்றி. உங்களை மறுபடியும் காண ஆவலாக இருக்கிறோம்.'" டேடே போனைப் படாரென்று கூடையில் போட்டாள். "எவன்டா அவன் விருந்தாளிங்கறவன்? அந்தப் பாழாப்போன கம்ப்யூட்டரைத் தூக்கி வோல்டா ஏரியில போடணும். அந்த லாவெர் நாளைக்கு மீன் வாங்க வரட்டும், வச்சிருக்கேன் அவனுக்கு. நான் பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து நீ அங்க உக்காந்திருக்க!"

"அவரு என்ன பண்ணுவாரு. விடு."

மாக்கு மட்டையை மடித்தாள். அடுத்த உருண்டையை எடுத்தாள். அண்டா நிறைகிறவரை பொதிந்துகொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டேடே ஆலயத்துக்குக் கிளம்பி, வழியில் இவள் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தாள். மாக்கு பழைய துணியிலேயே முற்றத்தில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, இன்னும் குளிக்கல? மணி அடிச்சாச்சு."

"நீ போ."

"ஒடம்புக்கு முடியலயா?"

"நல்லாத்தான் இருக்கேன். விருந்தாளிதானடி நான். விருந்தாளி வாராவாரம் போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

டேடே தனியாக ஆலயத்துக்குப் போனாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: காணிக்கைப் பாட்டின்போது லாவெர் மூன்று நான்கு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தாராம்.

ஆராதனை முடிந்து டேடே நேராக மாந்தோப்புக்குப் போனாள். மாக்கு எங்கே இருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். மர நிழலில், அம்மா தலைமாட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டேடேயும் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"கூட்டமா?" என்று கேட்டாள் மாக்கு.

"கூட்டம்தான்."

"என் இடம் காலியாக் கெடந்துச்சா?"

டேடேக்கு அப்போது பொய் வரவில்லை. "யாரோ கைப்பையை வச்சிருந்தாங்க யக்கா."

மாக்கு தலையை ஆட்டினாள். "அம்மா உக்காந்த இடமும் அதுதான்," என்றாள். போதகர் வந்தபோதும் அழாதவள், விருந்தாளி என்ற மெசேஜ் வந்தபோதும் அழாதவள், அப்போது டேடேயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள்.